நடு மரத்துக் கயிறு

முகாம் இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. வாசல் கம்பியைத் தூக்கிவிட்ட காவலாளி வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"டென்ட் எங்க?"

"டென்ட் இல்லண்ணே. தூளி" என்றான் பல்லி.

காவலாளி என் மீசையைப் பார்த்தார், தொப்பையைப் பார்த்தார், எங்களை உள்ளே விட்டுக் கம்பியை இறக்கினார். எனக்கு மானம் போயிற்று.

பல்லி என் மனைவியின் தம்பி. அவனுக்கு ஒரு நிஜப் பெயரும் உண்டு, சம்பளம் போடுகிற அன்றைக்கு மட்டும் அதைக் கூப்பிடுவார்கள். உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கியபடி கழுவுகிறவர்கள் நாங்கள் இருவரும். சுவரோடு சுவராக அவன் நகர்வதைப் பார்த்து எவனோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஆள் அத்தனை ஒல்லி. ஈரத் துணியோடு எடை போட்டாலும் ஒரு சிமென்ட் மூட்டையின் கனம் தேறாது.

என் மனைவிக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். பெற்றவர்கள் போனபிறகு, தானே சின்னப் பெண்ணாக இருந்துகொண்டு அவனை வளர்த்தவள். பெண் பார்க்கப் போன அன்றே, "தம்பியும் என்கூடத்தான் இருப்பான், சம்மதம்னா மேற்கொண்டு பேசுங்க" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவனும் என் பின்னாலேயே கயிற்று வேலைக்கு வந்ததில் அவளுக்கு ஒரு நாள் நிம்மதி கிடையாது. இப்போதுதான் சாமி கண்ணைத் திறந்தது. அவனுக்கு லாரி ஓட்டுகிற வேலை கிடைத்துவிட்டது. கயிறு இந்த மாதத்தோடு சரி.

பலத்த காற்று என்று கட்டடத்தில் வேலையை நிறுத்தியிருந்தார்கள். "கடைசியா ஒரு தடவை, ஜாலியா தொங்குவோம் மாமா" என்று இவன் மரத்தில் கட்டிப் படுக்கிற ஹேமக் இரண்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றான். என் மனைவி ஒன்றை உதறி விரித்துப் பார்த்தாள்.

"இது தூளிதானே? எருமையாட்டம் வளர்ந்தப்புறம் ரெண்டு பேருக்கும் தூளி கேக்குதோ? தாலாட்டு யார் பாடறது?"

அவன் பையை எடுக்க உள்ளே போனதும் குரலை இறக்கினாள். "இத்தனை வருஷம் கயித்துல கெடந்தவனை இப்பதான் தரைக்கு இறக்கியிருக்கேன். நீங்க கொண்டுபோய் மரத்துல கட்டறீங்க."

"ஒரு ராத்திரிதானே."

"முழுசா கூட்டிட்டு வாங்க. அவ்ளோதான் சொல்லுவேன்."

கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

தூளியைப் பற்றி யார் எவ்வளவு பெருமையாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். டென்ட் என்றால் சமதரை கண்ட இடத்தில் அடித்துவிட்டுக் காலை நீட்டலாம். தூளிக்கு மரம் வேண்டும். அந்த மரம் தாங்க வேண்டும், பக்கத்து மரம் சரியான தூரத்தில் இருக்க வேண்டும், மேலே காய்ந்த கிளை இருக்கக் கூடாது. பெண் பார்ப்பதற்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை. நல்ல மரங்கள் இருந்த இடத்தையெல்லாம் குடும்பங்கள் வளைத்துப் போட்டிருந்தன. நாங்கள் உள்ளே உள்ளே நடந்து, காடு முடிகிற இடத்துக்கே வந்துவிட்டோம். அதற்கு அந்தப் பக்கம் பாறை. பாறை முடிந்ததும் செங்குத்தாக ஒரு பள்ளம்.

அங்கே மூன்று மரங்கள் எங்களுக்காகவே நட்டு வைத்த மாதிரி நின்றன. பள்ளத்தை ஒட்டி ஒன்று, அதற்குப் பின்னால் இடமும் வலமும் ஒவ்வொன்று. இரண்டு தூளிக்கும் தலைமாட்டை நடு மரத்தில் கட்டி, கால்மாட்டை ஆளுக்கொரு மரத்தில் கட்டினால் கவட்டை மாதிரி அழகாக விரியும்.

"மாமா, இதைப் பாருங்களேன்." பல்லி நடு மரத்தின் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

பட்டையில் கயிறு தேய்த்த தடம். எங்கள் தொழிலில் அதை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. மரத்தைச் சுற்றி வந்து, பள்ளத்தைப் பார்த்த பக்கம் இறங்கியிருந்தது. என் கட்டைவிரல் முழுதாக உள்ளே போயிற்று.

"யாரோ கயிறு கட்டிக் கீழ இறங்கியிருக்காங்க" என்றான்.

"ஒரு தடவை இறங்கினா இவ்ளோ தேயாதுடா. ரொம்ப நாள் பாரம் தொங்கியிருக்கு."

"அப்ப மரம் நல்லா தாங்கும்னு அர்த்தம்" என்று சொல்லி, அந்தத் தடத்துக்கு மேலேயே எங்கள் கயிற்றைச் சுற்றினான். கெட்டிக்காரத்தனமான பேச்சு என்றுதான் அப்போது எனக்கும் பட்டது.

ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுவிட்டு ஏறிப் படுத்தோம். அப்புறம்தான் தெரிந்தது கூத்து. உடம்பு வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடுகிறது. ஒருக்களிக்க முடியாது, குப்புறப் படுக்கவே முடியாது. துணியின் இரண்டு ஓரமும் எழும்பி முகத்துக்கு மேலே வந்து நின்றுகொள்ள, ஒரு கீற்று வானம் மட்டும் தெரிகிறது. பக்கத்தில் படுத்திருப்பவன் இருக்கிறானா போனானா என்று பார்க்க வேண்டுமானால் எழுந்து உட்கார வேண்டும். எழுந்து உட்கார்ந்தால் கவிழும். எல்லாவற்றுக்கும் மேலே, முதுகுக்குக் கீழே தரை என்ற ஒன்று இல்லாததால், குளிர் நேராக அடியிலிருந்து ஏறுகிறது.

"கீழ ஒரு போர்வை கட்டணும்னு கடைக்காரன் சொன்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்றது அடுத்த தூளி.

"நல்லா இருடா நீ."

தலைமாடு பொது மரம் என்பதால் அவன் இருமினால் நான் ஆடினேன், நான் சொறிந்தால் அவன் ஆடினான். இது எங்களுக்குப் புதிதல்ல. கட்டடத்தில் நான் மேலே இருப்பேன், அவன் கீழே இருப்பான், நடுவில் ஏதாவது ஒரு விளிம்பு மறைக்கும். காற்றில் குரல் போகாது. அதனால் கயிறுதான் பேச்சு. சுருக்கென்று இரண்டு இழுப்பு இழுத்தால், 'என் பாரத்தை உன் மேல விடப்போறேன், பிடிச்சிருக்கியா?' என்று அர்த்தம். மேலே இருப்பவன் அதே மாதிரி இரண்டு இழுத்தால், 'பிடிச்சிருக்கேன், விடு.' பதில் கொடுத்தவன் அப்புறம் தலையே போனாலும் கயிற்றை விடக் கூடாது. இது ஊறிப்போன பழக்கம். பஸ்ஸில் தூங்கும்போது எவனாவது என் பையின் வாரை இழுத்தால்கூட என் கை பதில் இழுப்பு இழுத்திருக்கிறது.

இருட்டிவிட்டது. காற்று நின்றுபோயிருந்தது. கண் செருகிக்கொண்டு வந்தது.

தலைமாட்டுக் கயிற்றில் சுருக் சுருக்கென்று இரண்டு இழுப்பு.

யோசிக்கவே இல்லை. என் கை தலைக்கு மேலே போய்க் கயிற்றைப் பிடித்து, பதிலுக்கு இரண்டு இழுத்துவிட்டுக் கீழே இறங்கியது.

மரம் முனகியது.

நடு மரம் மெல்லப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. என் கயிறு விறைத்தது, தூளி என்னைத் தூக்கிக் கொடுத்தது. ஒரு முழு ஆளின் பாரம் ஏறினால் எப்படி ஏறுமோ அப்படி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி நின்றது. இந்தப் பயலுக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன்.

"என்னடா பண்றே?"



தூரத்தில், குடும்பங்கள் தங்கியிருந்த பக்கத்திலிருந்து சீழ்க்கைச் சத்தம் வந்தது. வாளி ஒன்று கல்லில் இடித்தது. சீழ்க்கை கிட்டே வந்தது.

"மாமா, தூங்கிட்டீங்களா? குழாய்ல கூட்டம். தண்ணி பிடிக்கறதுக்குள்ள உயிர் போச்சு."

பல்லி மரங்களுக்கு நடுவே, தரையில், வாளியோடு நின்றுகொண்டிருந்தான்.

"எப்படா எழுந்து போனே?"

"அப்பவே. சொல்லிட்டுத்தானே போனேன். குறட்டை விட்டுட்டிருந்தீங்க."

அப்போதே அவனை இழுத்துக்கொண்டு வேனுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. காலையில் இந்தக் கதை வேலை இடம் முழுக்கப் பரவும், பல்லி நடித்தே காட்டுவான் என்ற வெட்கம். மரம் என்றால் சாயும், கயிறு என்றால் இழுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் ஏறிப் படுத்த ஆட்டம் என் தூளிக்கு வந்தது. பழகின, லேசான ஆட்டம்.

ஆனால் மரம் நிமிரவில்லை. ஏறின பாரம் இறங்கவே இல்லை.

பட்டை நெறிபடும் சத்தம் கேட்டது. கயிற்றில் ஏறுகிறவன் கை மாற்றிக் கை போடும்போது வருகிற சத்தம். கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி வரும். அதன் கூடவே ஒரு வாடை. நனைந்து, காயாமல், மூட்டைக்குள்ளேயே அழுகிப்போன கயிற்றின் வாடை.

சத்தம் நின்றது.

அடியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த குளிர், என் முதுகில் ஓரிடத்தில் திரண்டது.

முதலில் வலது தோள்பட்டைக்குக் கீழே. பிறகு இடது. பிறகு நடுவில், வரிசையாக, முள்ளெலும்பு. துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முதுகு என் முதுகோடு ஒட்டியது. நான் மூச்சை இழுத்தேன். அதுவும் இழுத்தது. நான் அடக்கினேன். அது அடக்கவில்லை.

கத்தினால் அது என்ன செய்யுமோ என்று வாயை இறுக்கிக்கொண்டேன். தூளியில் கிடப்பவன் சட்டென்று எழவும் முடியாது. காலை வெளியே போட வேண்டும், ஓரத்தைப் பிடிக்க வேண்டும், உடம்பைப் புரட்ட வேண்டும். அதற்கு அடியில் இருப்பதன் மேல் காலை வைக்க வேண்டும்.

முதுகு மெல்ல நகர்ந்தது. என் தலைக்கு அடியில் போயிற்று. தலைமாட்டுக் கயிறு ஒருமுறை அதிர்ந்தது.

என் தூளி லேசாகிவிட்டது.

"மாமா." பல்லியின் குரல், கிசுகிசுப்பாக. "விளையாடாதீங்க."

"என்னடா?"

"என் தூளியிலேர்ந்து கையை எடுங்க."

"நான் என் இடத்துலதான்டா படுத்திருக்கேன்."

அவன் மூச்சு மட்டும் கேட்டது. அதைவிட மெதுவாக இன்னொரு மூச்சும் கேட்டது.

"மாமா... உள்ள இடம் பத்தல."

எப்படிப் புரண்டேன் என்று தெரியாது. முகம் அடிபட மண்ணில் விழுந்தேன். டார்ச் துணிக்குள்ளேயே எங்கோ தங்கிவிட்டது. கும்மிருட்டு. கையால் துழாவிக்கொண்டே போய் அவன் தூளியைத் தொட்டேன். அவன் எடைக்கு அது என் இடுப்பு உயரத்தில் நின்றிருக்க வேண்டும். என் முழங்காலுக்கும் கீழே இறங்கித் தொங்கியது. இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று முறுக்கி மூடியிருந்தன. உள்ளே கைகால்கள் அசைந்தன. ஒரு ஆளுக்கு இருக்க வேண்டியதைவிட நிறைய.

பிரிக்கப் பார்த்தேன். ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி இறுகியிருந்தது. உள்ளேயிருந்து வந்த "மாமா" தேய்ந்துகொண்டே போயிற்று.

இடுப்பில் கத்தி இருந்தது. பாரம் ஏறின கயிற்றில் கத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். எத்தனை பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவன் அக்காவின் முகம்தான் அப்போது எனக்கு முன்னால் நின்றது. கால்மாட்டுக் கயிற்றைத் தடவிப் பிடித்து, ஒரே இழுப்பில் அறுத்தேன்.

தொப்பென்று விழுந்தது.

அதன் பின்னாலேயே, கொஞ்சம் தள்ளி, இன்னொரு தொப்.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் கையைப் பற்றியது. "வாடா! ஓடு!" என்று அந்தக் கையை இழுத்துக்கொண்டு ஓடினேன். வேர் தடுக்கியது, கிளை முகத்தில் அடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேன் கதவைத் திறந்து அவனைப் பக்கத்து இருக்கையில் தள்ளி, போர்வையை மேலே எறிந்துவிட்டு, வண்டியைக் கிளப்பினேன். வாசல் கம்பி தூக்கியே இருந்தது.

வழியெல்லாம் நான்தான் பேசினேன். "முடிஞ்சுதுடா, வந்துட்டோம், அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாதே" என்று பைத்தியம் மாதிரி உளறினேன். அவன் வாயே திறக்கவில்லை. பயந்திருக்கிறான் என்று விட்டுவிட்டேன். அவன் பக்கத்துச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் இடித்தது. காற்று இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஈர வாடை என் சட்டையில்தான் இருக்கிறது என்று நினைத்தேன். நடுக்கம் பிடித்தவனுக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

வீட்டுக்கு வரும்போது வெளுத்துவிட்டது. கதவைத் திறந்த என் மனைவி எங்களைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, என்னங்க இது கோலம்?" தம்பியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஐஸ் கட்டியாட்டம் இருக்கான்! பிள்ளையைக் குளிர்ல போட்டுக் கொன்னுட்டு வந்திருக்கீங்க. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று இருந்தது. குழல்விளக்கு வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன். பல்லிதான். அதே மூக்கு, அதே ஒட்டின கன்னம். என்னை மட்டும் அவன் பார்க்கவில்லை. அவள் தோளில் கை போட்டுத் தாங்கலாக நடந்தான். பாரம் தாளாமல் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

"அம்மாடி, என்ன கனம் கனக்கறே!" என்று சிரித்துக்கொண்டே உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

நான் கூடத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். எத்தனை கெட்டியான தரை. என் வாழ்நாளில் சிமென்ட் தரைமேல் அவ்வளவு பாசம் எனக்கு வந்ததில்லை. சொன்னபடி கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்று நினைத்ததும் அழுகை வந்தது, அழுதேன்.

செல்போன் அடித்தது. தெரியாத எண்.

"முகாம் காவலாளி பேசறேன். நேத்து ரெண்டு பேர் தூளி கொண்டு வந்தீங்களே... ரவுண்ட்ஸ் போனப்ப உங்க ஆள் மரத்தடியில மயங்கிக் கெடந்தாரு. உங்க நம்பர் ஒண்ணுதான் மனப்பாடமாம். இந்தாங்க, பேசுங்க."

"எந்த ஆள்?" என்றேன்.

"யோவ் மாமா!" என்றது போன். "கயித்தை அறுத்து என்னைத் தள்ளிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டீங்களே, நியாயமா? தலையில வேர் இடிச்சதுதான் தெரியும். கால் பூசணிக்காயாட்டம் வீங்கிக் கெடக்கு. அக்கா விளக்குமாத்தை எடுக்கப்போறா, உங்களுக்கா எனக்கான்னு தெரியல."

இந்தப் பேச்சை உலகத்தில் ஒருவன்தான் பேசுவான். எழுந்து உள் அறைப் பக்கம் போனேன்.

உள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலின் ஓரத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். போர்வைக்குள் சுவரைப் பார்த்தபடி ஒரு உருவம் படுத்திருந்தது. அந்த இடத்தில் மெத்தை பலகைவரைக்கும் அழுந்தியிருந்தது.

"சத்தம் போடாதீங்க" என்று கிசுகிசுத்தாள். "இப்பதான் கண்ணசந்தான்."

"நீ இங்க வா."

"எப்படி வர்றது? என் கையைக் கெட்டியா பிடிச்சிட்டுத் தூங்கறான். சின்னதுல இப்படித்தான்."

"கையை எடுத்துட்டு வா. மெதுவா. எழுப்பாதே."

என் முகத்தில் எதைக் கண்டாளோ, எதிர்த்துக் கேட்கவில்லை. கையை இழுத்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. மறுபடி இழுத்தாள்.

"என்னங்க... வர மாட்டேங்குது."

போன் இன்னும் என் கையில் இருந்தது. அதற்குள்ளிருந்து பல்லி அந்த அறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

"லைன்ல இருக்கீங்களா மாமா? அக்காகிட்ட குடுங்க, நான் பேசறேன்."

அவள் போனைப் பார்த்தாள். பிறகு, தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் இறக்கித் தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது, சுவர்ப் பக்கம் படுத்திருந்தது அவள் பக்கம் புரண்டது.